‘சேராது’ என்ற சொல்லும் குழந்தையின் ஸ்நாக்ஸ் டப்பாவும்

ஒரு குழந்தைக்கு ஏதேனும் ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், “அவனுக்கு அது சேராது” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வீட்டு வழக்கம். தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும் என்ற நம்பிக்கையும் ‘சேராது’தான், பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்வதும் ‘சேராது’தான், ஒரு துண்டு கடலை மிட்டாயை வாயில் வைத்த ஐந்தாவது நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்குவதும் அதே ‘சேராது’தான். இந்த மூன்றும் ஒன்றல்ல. மூன்றாவதாகச் சொன்னதே உணவு ஒவ்வாமை, அதாவது பேச்சு வழக்கில் நாம் ஃபுட் அலர்ஜி என்பது. எல்.கே.ஜி.யில் சேரப்போகும் குழந்தைக்கு டப்பா கட்டக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ‘சேராது’ என்று மட்டும் கேள்விப்படுகிற பாட்டியும் பள்ளி ஆயாவும், “கொஞ்சம் கொடுத்தால் என்ன ஆகிவிடும், சாப்பிடச் சாப்பிடப் பழகிவிடும்” என்று நினைப்பது இயல்பு. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தக் ‘கொஞ்சமே’ போதும்.

ஒவ்வாமையில் நடப்பது இதுதான். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பு மண்டலம், தீங்கில்லாத ஓர் உணவின் புரதத்தை எதிரி என்று தவறாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து, தோல், குடல், மூச்சுப்பாதை ஆகியவற்றில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் பொருத்தி வைக்கிறது. அடுத்த முறை அதே புரதம் உள்ளே வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒரேயடியாக வெளியேற்றுகின்றன. அரிப்பு, தடிப்பு, வாந்தி, வீக்கம், மூச்சுத் திணறல் எல்லாம் அதன் விளைவே. பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இது தெரிந்துவிடும். ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர். அதற்குப் பின் அறுபது ஆண்டுகள் கழித்தே, 1966இல், கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர் ஐஜிஇயைக் கண்டறிந்தார்கள்.

இந்த விளக்கத்தில் டப்பா கட்டுபவர் மனத்தில் நிறுத்த வேண்டிய சொல் ‘புரதம்’. பாலில் உள்ள லாக்டோஸ் ஒரு சர்க்கரை. அது செரிக்காத குழந்தைக்கு வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு வரலாம், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை, பல குழந்தைகளுக்குத் தயிரும் ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமை அப்படியல்ல; அங்கே சிக்கல் பாலின் புரதத்தில் இருப்பதால் தயிர், மோர், பனீர், பால்கோவா எதுவும் கூடாது. உருக்கிய நெய்யிலும் பால் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும். பசும்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொல்வார்கள். ஆட்டுப்பால், எருமைப்பால் ஆகியவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதத்தை மிகவும் ஒத்திருப்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதே விளைவுதான் ஏற்படும். கோதுமையிலும் இத்தகைய குழப்பம் உண்டு: கோதுமை ஒவ்வாமை வேறு, குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் வேறு.

எனவே எது ஒவ்வாமை என்பதை வீட்டில் இருந்தபடி முடிவு செய்யக் கூடாது. மருத்துவர் குழந்தையின் வரலாற்றைக் கேட்டு, தேவையானால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்து, சில நேரங்களில் மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்துச் சொல்வார். இரத்தப் பரிசோதனையில் ஓர் உணவுக்கு எதிரே ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டாலே அது ஒவ்வாமை ஆகிவிடாது. அந்தச் சோதனை காட்டும் பொருள்களில் பலவற்றைக் குழந்தை எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். முப்பது பெயர்கள் உள்ள அறிக்கையை வாங்கி வந்து, பயத்தில் இருபது உணவுகளை நிறுத்திவிட்டு, வளரும் பிள்ளையை எடை குறைய விடுவதும் ஒரு தீங்குதான் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பால், முட்டை, கோதுமை ஆகியவற்றின் ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர மறைந்துவிடுகிறது. வேர்க்கடலைக்கு அப்படி மறைவது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குத்தான். ஆகவே மருத்துவர் சொன்ன பட்டியலையும் அவ்வப்போது மறுபடி அவரிடமே காட்டிக் கேட்க வேண்டும்.

பட்டியல் கைக்கு வந்த பிறகு வருவது பெயர்ச் சிக்கல். தமிழில் ‘கடலை’ என்ற சொல் இரண்டு வேறு செடிகளுக்குப் பொது. கடலை மிட்டாயிலும் கடலை எண்ணெயிலும் இருப்பது வேர்க்கடலை. கடலைப்பருப்பிலும் கடலை மாவிலும் பொட்டுக்கடலையிலும் இருப்பது கொண்டைக்கடலை. அதே வேர்க்கடலையை ஓர் ஊரில் நிலக்கடலை என்றும், விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்றும் சொல்வார்கள். இலங்கைத் தமிழர் அதைக் கச்சான் என்பார்கள், அவர்களுக்குக் ‘கடலை’ என்றால் கொண்டைக்கடலை. ஆக, “பிள்ளைக்குக் கடலை கொடுக்காதீர்கள்” என்று ஆயாவிடம் சொன்னால், அவர் பொட்டுக்கடலைச் சட்னியை ஒதுக்கிவிட்டு, பக்கத்துப் பிள்ளை நீட்டுகிற மல்லாட்டை உருண்டையைக் கவனிக்காமல் விடலாம். ‘பருப்பு’ என்ற சொல்லும் இப்படித்தான்: முந்திரிப்பருப்பும் துவரம்பருப்பும் பெயரளவில் மட்டுமே உறவு. ‘நட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதும் உதவாது, ஏனென்றால் வேர்க்கடலை தாவரவியலின்படி ஒரு பயறு. முந்திரி, பாதாம், பிஸ்தா ஆகியவை மரத்தில் காய்ப்பவை. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றதும் ஆகாது என்று கட்டாயமில்லை. முந்திரியும் பிஸ்தாவும் நெருங்கிய உறவு என்பதால் அவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே தொந்தரவு தரும். தேங்காயோ, முந்திரி ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. எந்தப் பொருள், எந்தப் பெயர் என்பதை முழுமையாக எழுதிச் சொல்வதே முதல் பாதுகாப்பு.

அடுத்தது சமையலறை. என் அண்ணன் மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை என்று மூன்று வயதில் தெரியவந்தது. வீட்டில் வேர்க்கடலைச் சட்னியை உடனே நிறுத்திவிடவில்லை, பெரியவர்களுக்கு மட்டும் தனியாக அரைத்தோம். ஒரு நாள் காலை அவளுக்கு மிளகாயும் உளுந்தும் மட்டும் வறுத்துப் பொடி அரைத்து, இட்லியில் தடவி வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் வாயைச் சுற்றிச் சிவந்து தடித்துவிட்டது. நல்லவேளையாக அதற்கு மேல் போகவில்லை. பிறகு மிக்ஸி ஜாரைக் கவிழ்த்து மூடியின் ரப்பர் வளையத்தைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துப் பார்த்தேன். அதன் உள்விளிம்பில் முந்தின நாள் சட்னி, காய்ந்த வெள்ளைக் கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஜாரைத் தேய்த்துக் கழுவித்தான் வைத்திருந்தோம். வளையத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை. அன்றிலிருந்து அவளுக்கென்று சிவப்பு ரிப்பன் கட்டிய சிறிய ஜார் ஒன்று தனியாக இருக்கிறது.

ஓர் உணவில் சேர்க்காத பொருள் கரண்டி வழியாகவோ பாத்திரம் வழியாகவோ வந்து ஒட்டிக்கொள்வதைத்தான் கலப்புத் தொடர்பு என்கிறோம். முட்டை தோசை வார்த்த கல்லில் அடுத்து வார்க்கும் வெறும் தோசை, மிக்சருக்குக் கடலை பொரித்த எண்ணெயில் பொரித்த முறுக்கு, எள் வறுத்த வாணலியில் வறுத்த ரவை என்று இதற்கு நம் சமையலில் எத்தனையோ வழிகள் உண்டு. கொதிக்கிற எண்ணெயில் எல்லாம் அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வேர்க்கடலையின் புரதம் வறுக்க வறுக்க ஒவ்வாமையைத் தூண்டும் திறனில் கூடுவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். கை சுத்திகரிப்பு ஜெல் கிருமியைக் கொல்லுமே தவிர, கையில் ஒட்டியுள்ள கடலைப் புரதத்தை அகற்றாது. பள்ளிப் பையில் அந்தச் சிறிய பாட்டிலைத் தொங்கவிட்டு அனுப்பும் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெயைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மீண்டும் பரவலாகப் புழங்கத் தொடங்கியிருக்கும் மரச்செக்குக் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் வித்தின் புரதம் ஓரளவு தங்கியிருக்கும். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் அது ஏறக்குறைய முழுவதும் நீங்கிவிடும். இருந்தாலும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கடலை எண்ணெயும், எள் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு நல்லெண்ணெயும் வேண்டாம். தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். கோதுமை ஆகாத குழந்தைக்கோ பெருங்காயத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கடையில் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். காரமான பிசினோடு கோந்தும் மாவும் சேர்த்துச் செய்வது, அந்த மாவு பல நேரங்களில் மைதாதான். அரிசி மாவில் சுட்ட முறுக்கில் கோதுமை எங்கிருந்து வந்தது என்று குழம்புகிற வீட்டில், அடுப்பு மேடையில் அந்த டப்பா இருக்கும். சத்துமாவும் அப்படித்தான்: முளைகட்டிய தானியங்களோடு முந்திரி, பாதாம், வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கோதுமை எல்லாம் ஒரே பையில் சேர்ந்திருப்பதால், ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதை வீட்டில் தனியாக அரைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாக்கெட்டில் வரும் உணவுக்கு லேபிள் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை போன்ற தானியங்கள், இறால், நண்டு வகைகள், பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆகியவை சேர்ந்திருந்தால் அதைத் தனியே அறிவிக்க வேண்டும். எள் இந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கா 2023 தொடக்கத்திலிருந்து அதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. எனவே இங்கே எள்ளைத் தேடுபவர் பொருள்களின் பட்டியலை முழுவதும் படித்து, செசமி, ஜிஞ்சிலி, தில் என்ற பெயர்களையும் அடையாளம் காண வேண்டும். பாலைத் தேடுபவருக்குப் பால் புரதங்களைக் குறிக்கும் கேசீன், வே என்ற சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ‘இருக்கக்கூடும்’ என்ற பொருளில் ‘மே கன்டெய்ன்’ என்று அச்சிடுவது விருப்பத்தைப் பொறுத்தது என்பதால், அது இல்லாத பாக்கெட்டை முழுப் பாதுகாப்பு என்று கொள்ள முடியாது. பச்சைக் குறியைப் பற்றியும் தெளிவு வேண்டும்: முட்டையும் மீனும் அசைவக் குறிக்குள் வருவதால் பச்சைக் குறி அவை சேர்க்கப்படவில்லை என்பதைச் சொல்லும், ஆனால் பாலைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒரே நிறுவனப் பிஸ்கட்டை மாதக்கணக்கில் வாங்கினாலும், ஒவ்வொரு முறையும் லேபிளைப் படிக்க வேண்டும். சேர்மானம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.

லேபிளே இல்லாத தின்பண்டங்கள்தான் நம் ஊரில் பெரும் சவால். பொரிகடலைக் கடையில் அரிசிப்பொரியையும் வேர்க்கடலையையும் ஒரே சுடுமணலில் வறுப்பதுண்டு, ஒரே படியால் அளந்தும் கொடுப்பார்கள். வெறும் பொரி என்று வாங்கி வந்தாலும் அதில் கடலைத் தோல் கிடப்பதைப் பார்க்கலாம். பேக்கரியில் முட்டை பப்ஸும் காய்கறி பப்ஸும் ஒரே தட்டில் அடுக்கியிருக்கும், மேலே பளபளப்புக்கு முட்டை தடவியிருக்கவும் கூடும். ஒவ்வாமை உள்ள சிறு பிள்ளையின் டப்பாவுக்கு இவற்றைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

அப்படியென்றால் எதை வைப்பது? விரல் விட்டு எண்ணக்கூடிய பொருள்களால் ஆன, நீங்களே செய்த உணவை வையுங்கள் என்பதுதான் நான் கடைப்பிடிக்கும் விதி. இந்த விதியில் நம் பழைய பலகாரங்கள் பலவும் அழகாகப் பொருந்துகின்றன. ஊறவைத்த அவலில் துருவிய தேங்காயும் வெல்லமும் கலந்தால் மூன்றே பொருள். வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, கோதுமை, எள், சோயா எதுவும் அதில் இல்லை. கேழ்வரகுப் புட்டும் அப்படியே. பால் குடிக்க முடியாத பிள்ளைக்கு அது இன்னொரு வகையிலும் நல்லது, ஏனெனில் 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஆனால் பாலை முழுவதும் நிறுத்திய குழந்தைக்குப் புட்டு மட்டுமே ஈடாகாது. மருத்துவரிடம் கேட்டு மற்றதையும் திட்டமிட வேண்டும். வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பிடிகொழுக்கட்டை, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், வாழைப்பழம், கொய்யா, பப்பாளித் துண்டுகள் என்று மாற்றி மாற்றி வைத்தால் ஒரு வாரம் சலிப்பில்லாமல் போய்விடும். உளுந்து ஒத்துக்கொள்கிற பிள்ளைக்குக் குட்டி இட்லியைத் தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் புரட்டி வைக்கலாம். நம் நாட்டில் கொண்டைக்கடலை, உளுந்து போன்ற பயறுகளுக்கும் ஒவ்வாமை காணப்படுவதால், இட்லி எல்லோருக்கும் பாதுகாப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

புதிய உணவைப் பள்ளி டப்பாவில் முதல்முறையாக வைக்காதீர்கள். வீட்டில், விடுமுறை நாளில், கண்ணெதிரே இரண்டு மூன்று முறை சாப்பிட்ட பிறகே அது டப்பாவுக்குப் போக வேண்டும். ஸ்நாக்ஸ் இடைவேளை பத்துப் பதினைந்து நிமிடம்தான் என்பதால் அளவு சிறியதாக, குழந்தை தானே எடுத்துச் சாப்பிடும்படி இருக்கட்டும். நான்கைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, ஒவ்வாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முழுக் கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை ஆகியவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு; திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியே வைக்க வேண்டும்.

டப்பா பள்ளி வாசலைத் தாண்டியதும் அது உங்கள் கையில் இல்லை. சிறு பிள்ளைகள் பகிர்ந்து சாப்பிடுவார்கள். பகிர்ந்து உண்ணச் சொல்லித்தானே நாமும் வளர்க்கிறோம். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மட்டும், “அம்மா வைத்ததைத்தான் சாப்பிடுவேன்” என்ற ஒரு வாக்கியத்தைத் தினமும் சொல்லிப் பழக்க வேண்டும், அதைப் பயமாக அல்லாமல் வழக்கமாக. பிறந்தநாள் சாக்லேட் வரும் நாளில் குழந்தை ஏங்காமல் இருக்க, உங்கள் வீட்டுத் தின்பண்டம் சிலவற்றைச் சிறு டப்பாவில் ஆசிரியையிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். அரசுப் பள்ளியில் சத்துணவு சாப்பிடும் குழந்தைக்கு முட்டை ஒவ்வாமை என்றால், தட்டில் முட்டை வைக்காமல் இருந்தால் மட்டும் போதாது, முட்டை உரித்த கையாலேயே பரிமாறாமல் இருக்கவும் சத்துணவு அமைப்பாளரிடமே நேரில் பேச வேண்டும்.

கடைசியாக, தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியவை. குழந்தையின் புகைப்படம், ஆகாத பொருளின் எல்லாப் பெயர்களும், முதல் அறிகுறிகள், என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பவை ஒரே பக்கத்தில், தமிழில், மருத்துவர் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். சிறு குழந்தை “மூச்சு முட்டுகிறது” என்று சொல்லாது. “நாக்கு குத்துது”, “தொண்டையில முடி இருக்கு” என்று சொல்லும், அல்லது திடீரென்று அமைதியாகி மடியில் சாயும். அதையும் எழுதுங்கள். மூச்சுத் திணறல், குரல் கம்மல், தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவை தீவிர ஒவ்வாமையின் அடையாளங்கள். அதற்கு முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான். செட்ரிசின் போன்ற சிரப் அரிப்பைத் தணிக்குமே தவிர, மூச்சுப்பாதை அடைபடுவதைத் தடுக்காது; அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. உங்கள் பிள்ளைக்கு அந்த ஊசி தேவையா, எந்த அளவு, பள்ளியில் யார் போடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். குழந்தையை நடக்க விடாமல் படுக்க வைத்து, மூச்சு வாங்கினால் சாய்த்து உட்கார வைத்து, உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

இந்தத் தாளின் ஒரு நகல் வகுப்பறையிலும், ஒன்று அலுவலகத்திலும், ஒன்று பள்ளி வேன் ஓட்டுநரிடமும், ஒன்று டப்பா வைக்கும் பையின் உள்ளறையிலும் இருக்கட்டும். ஜூன் மாதம் வகுப்பு மாறும்போது மிஸ்ஸும் ஆயாவும் மாறுவார்கள். அந்த முதல் நாளே புதிய புகைப்படம் ஒட்டி, தேதி போட்டு, மறுபடி நேரில் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும்.